ரெமிஜியுசுக்கு ஒரு ஸ்டார்

ஸ்டார் எத்தனைன்னு பாக்காதிய அண்ணாச்சி. அதுல ஒண்ணுங் கிடையாது. கீழ தள்ளுங்க... இன்னுங் கீழ. ஆங். ஒரு ஸ்டார் போட்டவன் என்ன எழுதிருக்கான்னு முதல்ல படிங்க. 'பாத்ரூம்ல தண்ணி வரல'ன்னு எழுதிருக்கான் பாருங்க, இவன் தங்கிட்டு எழுதுனவன். மேல 'அருமையான அனுபவம், குடும்பத்தோடு மீண்டும் வருவோம்'னு நாலு பேரு ஒரே நாள்ல எழுதிருக்கானுவல்லா, அது லாட்ஜ் முதலாளியோட மச்சானா இருக்கும். மகளுக்குப் பரீட்சைன்னு சொன்னிய, நல்ல இடமாப் பாத்துப் போடுங்க. ஜங்ஷன் பக்கம் ரெண்டு மூணு இருக்கு, இறங்கும்போது சொல்லுதேன்.

கோவிச்சுக்கிடாதிய. பஸ்ல பக்கத்துல உக்காந்துட்டு அடுத்தவங்க போன எட்டிப் பாக்கது தப்புதான். பழக்கம் விட மாட்டேங்கு. எம்பேரு சிவசைலம், பாளையங்கோட்டை. வண்டி இன்ஷூரன்ஸ்ல சர்வேயரா இருக்கேன். அடிபட்ட வண்டியப் பாத்து, இது தானா மோதுனதா, காசுக்காக மோத விட்டதான்னு சொல்லணும். அந்தக் கண்ணுதான் எல்லாத்துலயும் ஓடுது. சாப்புட்ட ஓட்டல், முடி வெட்டுன கடை, பல்லு பிடுங்குன ஆசுபத்திரி, ஒண்ணையும் விட்டதில்ல, எழுதிப் போட்டிருவேன். கூகுள்ல நான் லெவல் எட்டு. இப்ப ஒன்பது. எங்க வீட்டம்மா கேப்பா, "என்னையும் எங்கயாவது எழுதி வச்சிருக்கியளா"ன்னு. அவ அப்படித்தான் பேசுவா.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன் அண்ணாச்சி. இத்தன ரிவியூ எழுதிருக்கேன், ஒரு வார்த்த பொய் எழுதுனதில்ல. இன்னைக்குக் காலைல வரைக்கும்.

இல்ல, சொல்லுதேன். திருநெல்வேலி போறதுக்கு இன்னும் நேரம் இருக்குல்லா. யார்கிட்டயாவது சொன்னாத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறும்.

எங்க அப்பா காலத்துல களக்காட்டுப் பக்கம் முயல் வேட்டைக்குப் போவாவளாம், காடை வேட்டைக்குப் போவாவளாம். இப்ப காட்டுக்குள்ள ஒரு முயலத் தொட்டாலும் தூக்கி உள்ள வச்சிருவான். நமக்குன்னு விட்டு வச்சிருக்கது தூண்டில் ஒண்ணுதான். எங்க ஊர்ல தூண்டில்காரங்க குரூப் ஒண்ணு இருக்கு. டாக்டர் இருக்காரு, காலேஜ் வாத்தியார் இருக்காரு, நகைக்கடைக்காரர் இருக்காரு. முன்ன ஆத்துல, குளத்துல போட்டுக்கிட்டு இருந்தோம். பிறவு ஆளாளுக்கு நல்ல ராடு, ரீலுன்னு வாங்கவும் கடலுக்குப் போவோம்னு ஆச்சு. கடல் வேட்டைக்கு ஆளக் கூட்டிட்டுப் போறதுக்குன்னே இப்ப பார்ட்டிங்க இருக்கு, தெரியுமா? இன்ஸ்டால போய்ப் பாத்தா ஒவ்வொருத்தனும் ஆள் உசரத்துக்கு மீனத் தூக்கிட்டு நிப்பான்.

அதுல எவன் நெசம், எவன் பொய்னு கண்டுபிடிச்சுச் சொல்லுதது என் வேலை. குரூப்ல நான் சரின்னு சொன்னாத்தான் கிளம்புவாங்க. ஒருத்தன் 'கிங் சீ சஃபாரி'ன்னு பக்கம் வச்சிருந்தான். எல்லாம் அஞ்சு ஸ்டாரு. நான் அந்தப் படங்களப் பெருசாக்கிப் பாத்தேன். மீனுக்கு வால்ல ஒரு வெட்டு. படத்துக்குப் படம் ஆளு மாறுது, வெட்டு மாறல. ஒரே மீன ஐஸ்ல வச்சு எடுத்து எடுத்துக் கொடுக்கான்! எழுதுனேன் பாருங்க ஒரு ரிவியூ, படத்துல வட்டம் போட்டுக் காட்டி. கொஞ்ச நாள்ல படகையே வித்துட்டானாம். நான் எழுதுனதாலன்னு சொல்ல மாட்டேன். எழுதுனதுக்கு அப்புறம்னு வேணா சொல்லலாம்.

அப்புறந்தான் ரெமிஜியுஸ். உடன்குடி தாண்டி, இன்னாசிபட்டினம்னு ஒரு சின்ன ஊரு. ஐஸ் பெட்டி விக்கிறவரு சொன்னாரு, "நல்ல ஆளு, அடக்கமான ஆளு, சொந்த வள்ளம்"னு. தேடிப் பாத்தேன். ஒரு ரிவியூ இல்ல, ஒரு படம் இல்ல, ஒண்ணுமே இல்ல. வேற யாரும்னா பயப்படுவாங்க. எனக்குச் சந்தோசம். முதல் ரிவியூ நாம எழுதலாம்லா.

அவரு முதல்ல முடியாதுன்னுட்டாரு. "நான் தொழிலுக்குப் போறவன் சார், ஆள ஏத்திப் பழக்கமில்ல"ன்னாரு. நான் விடல. டீசல் என் பொறுப்புன்னேன், ரெண்டு மூணு தடவ போன் போட்டேன். கடைசில, "சரி, வாங்க சார்"னாரு. தை மாசம் ஒரு ஞாயித்துக்கிழம. தனியாத்தான் போனேன். முதல்ல நான் பாத்துச் சொல்லி, பிறவுதான் குரூப் வரும்.

இந்தாங்க, இந்தப் படம் அன்னைக்கு எடுத்ததுதான். இது நாந்தான். தொப்பி போட்டிருக்கதால தெரியல. களவா மீனு. நான் பிடிச்சது. எப்படி? எங்க குரூப்போட முகப்புப் படமே இதுதான்.

ஆனா காலைல ஒண்ணும் கடிக்கல அண்ணாச்சி. அவரு வழக்கமாப் போற இடத்துல போட்டுப் பாத்தோம், வேற இடம் மாறிப் பாத்தோம், ஒரு பொடி மீன் கூட இல்ல. வெயிலு ஏறுது. நான் சும்மா கேட்டேன், "என்ன அண்ணாச்சி, இதுதானா? திரும்பிப் போயி நான் என்னத்த எழுத?" இதுதான் கேட்டேன். மிரட்டல்லாம் இல்ல. கேட்டேன், அவ்வளவுதான். அவரு தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பிறவு வள்ளத்தத் திருப்புனாரு.

கடலுக்கு அடில கல்லுத் திட்டு இருக்கும், பார்னு சொல்லுவாவ. மீனு கூடி நிக்கது அங்கதான். இன்னாசிபட்டினத்துக்குன்னு ஒரு பார் இருக்கு. அந்த ஊருத் தூண்டில்காரங்க அவங்களுக்குள்ள மட்டும் வச்சிருக்கது. பக்கத்து ஊருக்குக் கூடச் சொல்ல மாட்டாவ. வலை போடக்கூடாது, வெளியாளக் கூட்டிட்டுப் போகக்கூடாது, அப்படி ஒரு ஊர்க் கட்டுப்பாடு. அதுக்குப் போர்டு ஒண்ணும் இருக்காது. கரையில தெரியுத ரெண்டு அடையாளம், கோவில் கோபுரமும் தண்ணித் தொட்டியும், ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு ஒரே நேர்கோட்டுல வரணும். வந்தா கீழ பார். இதெல்லாம் எனக்கு அன்னைக்குத் தெரியாது. அவரு சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். "சார், படம் எடுத்தா கடலப் பாத்து எடுங்க. கரை தெரியப்படாது."

நானும் கடலப் பாத்துத்தான், போனச் சாத்தி வச்சு டைமர் போட்டு எடுத்தேன். எடுத்துப் பாத்தா முகம் கருப்பா இருக்கு. வெயிலு பின்னால இருந்து அடிக்கி. மீனு நெறமே தெரியல. ஒரே ஒரு படம், இந்தப் பக்கமாத் திரும்பி எடுத்துக்கிட்டேன். அவரு அந்த நேரம் நங்கூரத்த இழுத்துக்கிட்டு இருந்தாரு, பாக்கல. ஒரு படத்துல என்ன வந்துறப் போவுதுன்னு நெனைச்சேன். யாருன்னாலும் அப்படித்தான் நெனைப்பாங்க, இல்லையா?

வீட்டுக்கு வந்து எழுதுனேன். அஞ்சு ஸ்டாரு. நல்லா எழுதுனேன் அண்ணாச்சி, மனசார எழுதுனேன். 'இந்தக் கடற்கரையிலேயே நேர்மையான ஒரே படகுக்காரர். மற்றவர்கள் காட்டாத இடத்தைக் காட்டுவார்'னு போட்டேன். பேரு, போன் நம்பர், படம், எல்லாம் போட்டேன். அப்படி ஒரு வரவேற்பு! மதுரைல இருந்து, எர்ணாகுளத்துல இருந்தெல்லாம் கேக்கான். நான்தான் லெவல் ஒன்பது ஆனேன்னு சொன்னேன்லா, அது இதுலதான். ஒரு ஏழைய நம்ம எழுத்து தூக்கி விட்டுருச்சுன்னு குரூப்ல எல்லாரும் பாராட்டுனாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். பங்குனி வரைக்கும் அதையே நெனைச்சுக்கிட்டு இருந்தேன்.

போன ஞாயித்துக்கிழம அவரு வீட்டம்மா போன்ல பேசுனாவ. தெக்லான்னு பேரு. "சார், ஒருக்கா வந்துட்டுப் போங்க, நேர்ல சொல்லுதோம்"னாவ. நன்றி சொல்லக் கூப்பிடுதாவன்னு நெனைச்சேன். நெசமாத்தான் அண்ணாச்சி. வெறுங்கையோட போவக்கூடாதேன்னு, இந்தப் படத்தையே பெருசாப் போட்டு, பிரேம் போட்டுக் கொண்டு போனேன். இன்னைக்குக் காலைல.

போனா வள்ளம் கரையில கமுந்து கெடக்கு. அடில மண்ணு ஏறிக் கெடக்கு. தொழிலுக்குப் போயி நாளாச்சுன்னு எனக்கே தெரியுது.

தெக்லா அம்மா வாசல்ல நின்னாவ. படத்தக் கொடுத்தேன். வாங்கிப் பாத்தாவ. மீனப் பாக்கல, என்னையும் பாக்கல. எனக்குப் பின்னால இருக்க கோபுரத்தப் பாத்தாவ. பிறவு உள்ள கொண்டு போயி, செவுத்தப் பாத்துச் சாத்தி வச்சாவ.

அப்புறம் சொன்னாவ. என் ரிவியூவப் பாத்துட்டு ஆளுங்க வந்திருக்கானுவ. ரெமிஜியுஸ் ஒருத்தனையும் ஏத்தல. "எனக்குத் தெரியாது, என்னால முடியாது"ன்னு எல்லாரையும் அனுப்பிருக்காரு. ஆனா அவனுவகிட்ட படம் இருக்குல்லா. கோபுரமும் தொட்டியும் நல்லாத் தெரியுதுல்லா. வேற ஊரு வள்ளத்தப் பிடிச்சு, படத்த வச்சுப் பொருத்திப் பாத்து, ஜி.பி.எஸ்-ல குறிச்சுட்டானுவ. அது ஒருத்தன் கையில இருந்து இன்னொருத்தன் கைக்குப் போயி, கடைசில விசைப்படகு வந்துருச்சு. இழுவலை போட்டு ராவோட ராவா அந்தப் பாரையே உழுதுட்டுப் போயிட்டான். இப்ப அந்த ஊருக்கு அங்க ஒண்ணுமில்ல.

ஊர்ல சும்மா இருப்பாவளா? காட்டிக் கொடுத்தது யாருன்னு தேடுனா, போன்ல பேரோட, நம்பரோட, அஞ்சு ஸ்டாரோட எழுதிருக்கு. கமிட்டி கூடுனாவ. அவரு வள்ளத்த இறக்க ஒருத்தரும் கை கொடுக்கக் கூடாது, அவரு மீன ஏலத்துல எடுக்கக் கூடாதுன்னு முடிவு. ஒத்தையா வள்ளத்தத் தள்ள முடியுமா? தலைவரு தொம்மைன்னு ஒருத்தரு, அவருக்கும் ரெமிஜியுச விட்டுறணும்னுதான் ஆசை. "நீ கூட்டிட்டுப் போகலன்னு கோவில் கொடிமரத்தத் தொட்டுச் சொல்லிரு, அதோட விட்டுருவோம்"னு சொல்லிருக்காரு. இவரு தொட மாட்டேங்காரு. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. வாய மூடிட்டு நின்னுட்டு வந்துட்டாராம்.

"அம்மா, இப்பவே அந்த ரிவியூவ எடுத்துருதேன்"னேன். உடனே போன எடுத்தேன்.

"எடுத்தா பத்தாது சார்"னாவ தெக்லா அம்மா. "எடுத்தா, மறைச்சிட்டாவன்னு சொல்லுவாவ. நீங்க அவரத் திட்டி எழுதணும்."

"திட்டியா?"

"ஆமா சார். அவரு ஒரு இடத்துக்கும் கூட்டிட்டுப் போகல, கரைக்குப் பக்கத்துலயே சுத்திக் காட்டி ஏமாத்திட்டாருன்னு எழுதுங்க. பாரக் காட்டுதேன்னு பொய் சொன்னாருன்னு எழுதுங்க. அந்தக் கோபுரப் படம் அவரோட போகும்போது எடுத்தது இல்ல, வேற எப்பவோ எடுத்ததுன்னு போடுங்க. தொம்மை மாமாட்ட நான் பேசிட்டேன். எழுதுன ஆளே இப்படி எழுதிட்டா ஊருக்கு அது போதும்னு சொல்லிட்டாவ. போன்ல வந்ததுக்குப் போன்லயே பதில் வந்துரட்டும்னாவ."

அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. எனக்கு எப்படி இருக்கும்? அஞ்சு ஸ்டார் போட்ட ஆளு நான். இப்ப ஒரு ஸ்டாருன்னு மாத்துனா குரூப்ல என்ன நெனைப்பாங்க? முதல்ல பொய் சொன்னானா, இப்பப் பொய் சொல்லுதானான்னு கேப்பாங்கல்லா? எம்பேரு என்ன ஆவும்? நான் அந்தம்மாட்ட அதையும் சொன்னேன். "நான் பொய் எழுதுனதே இல்லம்மா, அதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு"ன்னேன். அவங்க திரும்பி வள்ளத்தப் பாத்தாவ. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கிடலாம் போல ஆயிட்டு.

அப்ப ரெமிஜியுஸ் உள்ளதான் இருந்தாரு. கதவுக்குப் பக்கத்துல கட்டில்ல உக்காந்திருக்காரு. வந்ததுல இருந்து ஒரு வார்த்த என்னக் குறை சொல்லல. "சாருக்குக் காப்பி போடு"ன்னு மட்டும் ஒரு சத்தம் வந்துச்சு. அவரு ரெண்டு திட்டு திட்டியிருந்தா நான் நிம்மதியாப் பஸ் ஏறிருப்பேன்.

வாசல் படில உக்காந்து எழுதுனேன். எழுத எழுத கை நல்லா ஓடுது அண்ணாச்சி, அதுதான் கொடுமை. ஏமாத்துக்காரர்னு எழுதுனேன். கடலப் பத்தி ஒண்ணுந் தெரியாதவர்னு எழுதுனேன். கரையச் சுத்திக் காட்டிட்டு டீசல் காசு வாங்கிட்டார்னு எழுதுனேன். எந்தப் பாருக்கும் என்னக் கூட்டிட்டுப் போகலன்னு ரெண்டு தடவ எழுதுனேன், அந்தப் படம் வேற எப்பவோ எடுத்ததுன்னும் எழுதுனேன். பழைய ரிவியூவுக்கு வருத்தம் தெரிவிக்கிறேன், யாரும் இவரிடம் போக வேண்டாம்னு முடிச்சேன். ஒரு ஸ்டாரு. போட்டாச்சு.

தெக்லா அம்மா போன வாங்கிட்டு, வீட்டுக்கு எதுத்தாப்புல இருக்க ஏலக் கூடத்துக்குப் போனாவ. தொம்மை அங்க நின்ன ஆளுங்களக் கூட்டி வச்சு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு, சத்தமா வாசிச்சாரு. 'கடலப் பத்தி ஒண்ணுந் தெரியாதவர்'ங்கிற இடத்துல எல்லாரும் சிரிச்சானுவ. ஒருத்தன், "எலே ரெமிஜி, ஒனக்கு வள்ளம் எதுக்குல, பஸ் ஓட்டுல"ன்னு கத்துனான். இவரு வாசல்ல வந்து நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாரு. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. சரி, காரியம் முடிஞ்சுது. நாளைக்கு வள்ளம் இறங்குது. ஆளுங்க வந்து மண்ணத் தள்ள ஆரம்பிச்சுட்டானுவ, நானே பாத்தேன். நல்லதுதானே அண்ணாச்சி? நல்லதுதான். குரூப்ல கூட இப்பப் பாத்தேன், 'நல்ல வேளை, எச்சரிச்சீங்க'ன்னு டாக்டர் போட்டிருக்காரு. ஒருத்தரும் என்ன ஒண்ணுங் கேக்கல. நான் பயந்த மாதிரி ஒண்ணும் ஆகல.

அப்ப எதுக்குப் பொலம்புதேன்னு கேக்கிய. கேட்டாலும் கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன்.

இந்த மீனு நான் பிடிச்சதில்ல.

உங்ககிட்டயும் நான் பிடிச்சதுன்னுதான் சொன்னேன். வாய் தானா சொல்லிருது. அன்னைக்கு அந்தப் பாருக்குப் போகும்போதே எனக்குத் தல சுத்த ஆரம்பிச்சுட்டு. வள்ளத்து விளிம்பப் பிடிச்சுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன். அவரு ஒரு கையால என் முதுகத் தடவிக் கொடுத்துக்கிட்டு, ஒரு கையால அவரோட கைத்தூண்டிலப் போட்டாரு. அப்ப மாட்டுனது இது. ரெண்டு கையும் அறுபட இழுத்துப் போட்டாரு. பிறவு என் முகத்தக் கழுவி விட்டு, என் தூண்டில என் கையில கொடுத்து, மீனையும் கொடுத்து, "பிடிங்க சார், படம் எடுத்துக்கோங்க"ன்னாரு. நான் எடுத்துக்கிட்டேன். அந்தப் படத்துக்காகத்தான் கரைப் பக்கம் திரும்புனேன்.

இன்னைக்கு அந்த வாசப்படில உக்காந்து அவர ஏமாத்துக்காரர்னு எழுதும்போது, எனக்கே தாங்கல. இவ்வளவு பொய் எழுதுதோமே, ஒரு நெசத்தையாவது எழுதிருவோம்னு தோணிச்சு. 'இந்த மீன் நான் பிடித்தது அல்ல'ன்னு கடைசி வரியா எழுதுனேன். எழுதிட்டு, போடுததுக்கு முன்னால சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். அந்த வரி வரைக்கும் படிச்சேன். அப்பதான் உள்ள இருந்து ரெமிஜியுஸ் எந்திரிச்சு வந்தாரு.

"அது வேண்டாம் சார்"னாரு. "மீனு நீங்க பிடிச்சதாவே இருக்கட்டும். கெட்ட பேரு ஒருத்தருக்குப் போதும்."

நான் ஒரு வார்த்த மறுத்துப் பேசியிருக்கணும்லா அண்ணாச்சி? இல்ல, அந்த வரி இருக்கட்டும்னு சொல்லியிருக்கணும்லா? சொல்லல. அவரு சொல்லி வாய மூடல, அந்த வரிய அழிச்சிட்டேன். எவ்வளவு வேகமா அழிச்சேன்னு அந்தம்மா பாத்துக்கிட்டு நின்னாவ.